போன்சே இசை அருங்காட்சியகம்: முதல்முறை போகிறவர்களுக்கு

கரீபியக் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோத் தீவின் தென்கரையில் இருக்கிறது போன்சே நகரம். அங்கே இசபெல் தெருவில் செர்ராயேஸ் குடும்பத்தாரின் பழைய மாளிகை ஒன்று உண்டு. வடிவமைத்தவர் ஆல்ஃபிரெடோ வீச்சர்ஸ். அதுதான் புவேர்ட்டோ ரிக்கோ இசை அருங்காட்சியகம்.

படி 1: இது அமெரிக்க ஆட்சிப் பகுதி, அதனால் அமெரிக்க விசா வேண்டும். தலைநகர் சான் ஹுவானில் இறங்கினால் காரில் ஒன்றரை மணி நேரம். 2020 ஜனவரி நிலநடுக்கத்தில் தென்கரையின் பழைய கட்டடங்கள் பல அடிபட்டன. திறந்திருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

படி 2: முந்தின இரவே யூடியூபில் இந்தத் தீவின் இசை வகைகளான பொம்பா, ப்ளேனா, தான்சா மூன்றையும் பத்துப் பத்து நிமிடம் கேளுங்கள். இதைத் தவிர்த்தால் அங்கே நீங்கள் பார்ப்பது வெறும் மரமும் தோலும்தான்.

படி 3: பொம்பா முரசுகளிடம் அவசரப்படாமல் நில்லுங்கள். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கர்களின் இசை இது. பீப்பாய்க்குத் தோல் கட்டிச் செய்த முரசு. செர்ராயேஸ் குடும்பத்தின் செல்வமும் கரும்பிலிருந்தும் ரம்மிலிருந்தும்தான் வந்தது. முதலாளி வீட்டுக் கூடத்தில் தோட்டத்து முரசு! எனக்கு இந்த வீட்டில் முக்கியமான விஷயம் இதுதான். முரசுகளில் புலேயதோர் தாளத்தை விடாமல் பிடித்திருக்கும். ப்ரீமோ, ஆடுபவரின் ஒவ்வொரு அசைவுக்கும் பதில் அடிக்கும். ஆடுபவர் முரசைப் பின்தொடர்வதில்லை, முரசுதான் அவரைத் துரத்துகிறது.

படி 4: அடுத்தது ப்ளேனாவின் பந்தரேத்தா. சலங்கைத் தகடு இல்லாத கஞ்சிரா என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் மூன்று அளவுகளில் இருக்கும். பெரியது தாளம் காக்கும், சிறியதான ரெக்கிந்தோ இஷ்டத்துக்கு விளையாடும். ஊர்ச் செய்திகளையே பாட்டாக்கியதால் ப்ளேனாவைப் 'பாடும் செய்தித்தாள்' என்பார்கள். போன்சேயின் சான் அந்தோன் பேட்டைதான் அதன் தாய்வீடு.

படி 5: கிதார் போன்ற வாத்தியமான குவாத்ரோவின் தந்திகளை எண்ணிப் பாருங்கள். பெயருக்கு அர்த்தம் நான்கு. இன்றைய வாத்தியத்திலோ ஐந்து ஜோடியாகப் பத்துத் தந்தி! பழைய வகையில் நான்குதான் இருந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

படி 6: தான்சா கனவான்களின் நடன இசை. ஜோடிகள் முதலில் சும்மா உலாவுவார்கள், அப்புறம்தான் ஆட்டம். அதன் பெரிய இசையமைப்பாளர் ஹுவான் மொரெல் காம்போஸ் (1857–1896) இந்த ஊர்க்காரர். வெளியே வந்ததும் நடந்தே லாஸ் தெலீசியாஸ் சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். அவர் சிலை அங்கேதான் இருக்கிறது, அவர் எச்சங்களைப் பின்னால் கொண்டுவந்து வைத்ததும் அதன் அடியில்தான். பக்கத்திலேயே சிவப்பும் கறுப்பும் அடித்த பழைய தீயணைப்பு நிலையம் நிற்கும், தேட வேண்டியிருக்காது.