டிமோலால் சொட்டு மருந்தைக் கண்ணில் விடுவது எப்படி? விட்ட பிறகு என்ன செய்ய வேண்டும்?

கண் அழுத்த நோய் என்று சொல்லி டாக்டர் டிமோலால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணாந்து ஒரு சொட்டு விட்டு, நாலு தடவை கண்ணைக் கொட்டி, கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அம்மாவுக்கு நான் முதல் இரண்டு மாதம் இப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன். எங்கே தப்பு என்று பிறகுதான் புரிந்தது.

முதலில் இந்த மருந்து என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து வடிந்துகொண்டே இருக்கிறது, வடிவது குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறி பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சாகிறது. பொதுவாக 10 முதல் 21 மி.மீ. (பாதரச அளவு) வரை அழுத்தம் இருக்கலாம் என்பார்கள். டிமோலால், பீட்டாக்சலால் போன்ற பீட்டா பிளாக்கர் சொட்டுகள் அந்த நீர் சுரப்பதையே குறைக்கின்றன, அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு இறங்கும். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்த மருந்து. அதனால் விட்டதும் கண் பளிச்சென்று தெரியவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள்.

பீட்டா பிளாக்கர் என்றால் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரையாகக் கொடுக்கும் அதே வகை. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள், மூக்கோரமாக இமை விளிம்பில் ஊசி குத்தினது போல ஒரு சின்னப் புள்ளி தெரியும். கண்ணீர் வடியும் துளை அது. கண்ணில் விட்ட மருந்தும் அதே வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்குள்ள சவ்வில் உறிஞ்சப்பட்டு நேராக ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையாக விழுங்கியிருந்தால் கல்லீரல் வழியில் ஒரு பகுதியைச் சிதைத்திருக்கும். மூக்கு வழியில் அந்தச் சோதனைச் சாவடியே கிடையாது.

சரி, பாட்டிலைத் திறப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. ஆஸ்துமா அல்லது சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உண்டா, சின்ன வயதிலாவது வீசிங் வந்ததா, நாடித்துடிப்பு மெதுவா, இதயம் பலவீனமாக இருக்கிறதா, ஹார்ட் பிளாக் உண்டா. ஹார்ட் பிளாக் என்றதும் பலர் ரத்தக்குழாய் அடைப்பை நினைத்துக்கொள்கிறார்கள், இங்கே கேட்பது இதயத்துக்குள் மின்துடிப்பு தடைபடும் கோளாறை. ஆஸ்துமா இருப்பவருக்கு டிமோலால் ஒரு சொட்டே மூச்சுக்குழாயை இறுக்கிவிடக்கூடும். பீட்டாக்சலாலில் அந்த ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ கொடுக்கும் அட்டெனோலால், மெட்டோபிரோலால், வெரபமில், டில்டியாசெம், டிகாக்சின் இவற்றில் எதைச் சாப்பிட்டாலும் பெயரைச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும், வியர்வை மட்டும் வரும்.

அப்புறம், மருந்து தொடங்கும் முன் ஒரு நாள் அமைதியாக உட்கார்ந்து மணிக்கட்டில் ஒரு நிமிடம் முழுக்க நாடி எண்ணி எழுதி வையுங்கள். பின்னால் ஒப்பிட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

இனி சொட்டு விடுவது. கையைக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, விட்ட பின் 15 நிமிடம் கழித்துப் போடுங்கள். பீட்டாக்சலால் பாட்டில் கலங்கலாக இருந்தால் நன்றாகக் குலுக்க வேண்டும். தலையைச் சாய்த்து, கீழ் இமையைக் கீழே இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி திறக்கும், அதில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ இமை முடியிலோ படக்கூடாது, பட்டால் கிருமி உள்ளே போகும். கை நடுங்கினால் பாட்டில் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஒரு சொட்டே கண் பிடிக்கும் அளவுக்கு மேல்தான் இருக்கும். சந்தேகத்துக்கு இரண்டாவது சொட்டு விட்டால் அது கன்னத்துக்கும் மூக்குக்கும்தான் போகும். ஆனால் முதல் சொட்டு கண்ணுக்குள் விழவே இல்லை என்று தெரிந்தால் மறுபடி விடலாம்.

இப்போதுதான் பலர் செய்யாத வேலை. கண்ணைக் கொட்டாமல், இறுக்கிப் பிழியாமல், தூங்குவது போல மூடுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அலுப்பில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்குத்தண்டைப் பிடிப்போமே, அதே பிடியைக் கண்ணின் உள்மூலைக்குக் கொண்டுபோய் மூக்கெலும்பின் மேல் அழுத்துங்கள். கண்விழியை அழுத்தக்கூடாது. எலும்பு கெட்டியாகத் தட்டுப்பட்டால் சரியான இடம். அப்படியே இரண்டு நிமிடம். ரத்தத்துக்குப் போகும் மருந்து வெகுவாகக் குறைந்துவிடும், கண்ணில் தங்குவதும் கூடும். விட்டதும் தொண்டையில் மருந்தின் ருசி தெரிந்தால் அழுத்தும் இடம் தவறு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது கண்ணை மூடி உட்கார்ந்தால்தான் தெரியும், அம்மா முப்பதாவது நொடியிலேயே "ஆச்சா?" என்பார்.

வேறு சொட்டும் இருந்தால் குறைந்தது 5 நிமிடம் இடைவெளி விடுங்கள், ஜெல் மாதிரி இருப்பதைக் கடைசியில். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் விடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்த வேளையை அப்படியே தவிர்த்துவிடுங்கள், இரட்டையாக விட வேண்டாம். நாளைக்கு ஒரு முறை என்றால் பெரும்பாலும் காலையில்தான் சொல்வார்கள், ஏனென்றால் தூக்கத்தில் நீர் சுரப்பது தானாகவே குறைந்துவிடும், அப்போது இந்த மருந்துக்கு அதிகம் வேலையில்லை. பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள், நாலு வாரத்தில் மீதி இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

சில நொடி எரிச்சல் சகஜம். மூச்சு இரைப்பு, மயக்கம், நாடி 50-க்குக் கீழே போய்த் தலைசுற்றல் என்றால் அடுத்த சொட்டை விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவ்வளவு அவசரமில்லாத, ஆனால் விடாத அசதி, மனச்சோர்வு, கெட்ட கனவு, ஆண்மைக் குறைவு போன்றவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாகவே மருந்தை நிறுத்த வேண்டாம். அம்மா படியேற முடியாமல் அசந்து உட்கார்ந்தபோது வயதாகிவிட்டது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். எண்ணிப் பார்த்தால் நாடி 48. வேறொரு டாக்டர் கொடுத்த அட்டெனோலால் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது, கண் டாக்டருக்கு அது தெரியாது. சொன்ன அன்றே வேறு வகைச் சொட்டுக்கு மாற்றினார்.

தெரியாமல் போனதற்குக் காரணம் ரொம்பச் சின்னது. கண் டாக்டரிடம் போகும்போது, கண்ணுக்குத்தானே என்று பிரஷர் மாத்திரையைச் சொல்லவில்லை. மற்ற டாக்டர் "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டபோது, சொட்டு மருந்தைச் சாப்பிடுவதில்லையே என்று அதையும் சொல்லவில்லை. இப்போது மாத்திரை டப்பாவிலேயே சொட்டு மருந்து பாட்டிலையும் போட்டு வைத்திருக்கிறேன், எந்த டாக்டரிடம் போனாலும், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர் கேட்டாலும், டப்பாவை அப்படியே மேஜையில் வைத்துவிடுவோம்.