வேலை தேடும்போது அறிமுகமானவர்களிடமும் சொல்லி வையுங்கள்

வேலையோ வாடகை வீடோ தேடும்போது நெருங்கிய நண்பர்களோடு நிறுத்திவிடாதீர்கள். பார்த்தால் சிரித்துவிட்டுப் போகும் அளவுக்கு மட்டும் பழக்கமானவர்களிடமும் சொல்லி வையுங்கள். நண்பர்களுக்குத் தெரிந்த தகவல் பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், ஒரே வட்டம்தானே. அறிமுகமானவரோ வேறு வட்டத்தில் புழங்குகிறவர். அங்கே ஓர் இடம் காலியானால் அவர் காதில் முதலில் விழும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 6-இல் ஒருவருக்குத்தான் அடிக்கடி சந்திக்கும் ஆள் உதவியிருந்தார். என்ன வேலை, எந்த ஊர் என்று இரண்டே வரியில் கேளுங்கள்; நீட்டினால் அவருக்குச் சங்கடம்.

கடன், ஜாமீன் கையெழுத்து, வெளியே தெரியக்கூடாத விஷயம் என்றால் இது சரிப்படாது. அதற்கு நண்பரிடமே போங்கள், கடனென்றால் அங்கேயும் கொஞ்சம் யோசித்து.