ஆர்ஓ தண்ணியில புளிச்ச கோப்பியும் அப்பச்சோடாவும்

கல்லடியில எங்கட கிணத்துத் தண்ணி கேத்தல்ல வெள்ளைப் பொருக்குப் பிடிக்குதெண்டு ஆர்ஓ தண்ணி (உப்பெல்லாம் வடிச்செடுத்த தண்ணி) கேன்ல வாங்கத் தொடங்கினோம், அண்டையில இருந்து நான் வடிகட்டிப் போடுற அரபிக்காக் கோப்பி வெறும் பச்சைப் புளி. கொட்டைய இன்னும் நைசா அரைச்சன், தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சு ஊத்தினன், கண்டியில இருந்து வேற கொட்டையும் எடுப்பிச்சன், ஒண்டும் சரிவரல்ல. கிணத்துத் தண்ணியில போட்டா மறுபக்கம், சுண்ணாம்பு நக்கின மாதிரி.

மறுகாதான் விளங்கிச்சு, ஆர்ஓ தண்ணியில புளிப்ப அடக்கிற பைகாபனேற்றும் இல்ல, மக்னீசியமும் இல்ல. மக்னீசியத்துக்கு பாமசியில எப்சம் உப்பு எடுத்தன் (குடிக்கிறதுக்கு விக்கிறது, தோட்டத்துக்குப் போடுறது இல்ல), அதோட பைகாபனேற்றுக்கு குசினியில கிடந்த பேக்கிங் பவுடர். தண்ணி கலங்கிச்சு, புளிப்பு அப்படியே. ரெண்டு நாள் இதுலயே போச்சு. பேக்கிங் பவுடருக்குள்ள மாவும் அமிலமும் சேந்திருக்கு, வேணுங்கிறது வெறும் அப்பச்சோடா.

குசினித் தராசு கிராமுக்குக் கீழ காட்டாது, நகைக்கடையில நிக்கிற மச்சான்ட தராசுலதான் நிறுத்தன். 1 லீற்றர் ஆர்ஓ தண்ணியில 2.46 கிராம் எப்சம் உப்பு, இன்னொரு லீற்றர்ல 1.68 கிராம் அப்பச்சோடா, வேற வேற போத்தல். கோப்பிக்கு முதலாவதுல 80 மில்லி, மற்றதுல 40 மில்லி, மிச்சத்துக்கு ஆர்ஓ தண்ணி விட்டு 1 லீற்றராக்கிக் கொதிக்க வைக்கிறன்.

முதல் கப்புலயே தோடம்பழப் புளிப்பு, பின்னால இனிப்பு. அப்பச்சோடாவ 60 மில்லியாக்கினா திரும்பவும் சப்பெண்டு போகுது. அம்மா மட்டும் தேத்தண்ணிக்கு கிணத்துத் தண்ணிதானாம், மேல ஆடை மிதந்தாலும்.