ஒரு செட் முடியும்வரை ஒரே வேலை: புதிய ஜிம் பயிற்சியாளர்களுக்கான செய்முறை

“மாஸ்டர், எத்தனை ஆச்சு?”

ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் பார்பெல்லைத் தோளில் சுமந்தபடி, ஸ்குவாட் எனப்படும் உட்கார்ந்து எழும் பயிற்சியின் நடுவில் நின்று இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மாதக் கட்டணம் விசாரித்த ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை அவர் இறங்கியபோது குதிகால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்புவதைக் கண்டேன். எத்தனையாவது ரெப்பிலிருந்து (ஒரு முறை இறங்கி எழுவது ஒரு ரெப்) அப்படி எழும்பிக்கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் பணம் கட்டியது என் கண்ணுக்காகத்தான், அந்தக் கண்ணை நான் வேறிடத்தில் வைத்திருந்தேன் என்பது அன்றைக்கு உறைத்தது. அதன்பின் நான் பழகிக்கொண்ட முறையைப் புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்களுக்காக இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதாக நாம் நினைக்கும்போது, மூளை ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறி மாறித் தாவிக்கொண்டிருக்கிறது. ரூபின்ஸ்டைன், மேயர், எவான்ஸ் ஆகிய மூவர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, ஒவ்வொரு தாவலுக்கும் நேரம் செலவாகிறது என்றும், வேலை சிக்கலாக இருந்தால் அந்தச் செலவு கூடுகிறது என்றும் காட்டியது. பாதியில் விட்ட வேலையின் மிச்சம் மனத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைக் கெடுப்பதை 2009இல் ஆய்வாளர் சோஃபி லெராய் விளக்கினார். ஒரு ரெப் மூன்று, நான்கு வினாடிகளில் முடிந்துவிடும் எங்கள் தொழிலில், கைப்பேசியிலிருந்து மனம் முழுதாகத் திரும்புவதற்குள் பார்க்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

முதல் படியாக, மூன்று நாட்களுக்கு எதையும் மாற்றாமல், கவனம் சிதறும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன நோட்டில் ஒரு கோடு போடுங்கள். பிறர் கூப்பிட்டதால் சிதறியது ஒரு பக்கம், நாமாகவே திரும்பியது மறுபக்கம். என் நோட்டில் இரண்டாவது பக்கம்தான் நிறைந்திருந்தது.

அடுத்தது கைப்பேசி. பயிற்சி நேரம் முழுவதும் அது லாக்கரில் இருக்கட்டும். நேரம் பார்க்க ஒரு சாதாரண ஸ்டாப்வாட்ச் போதும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், நாம் இல்லாத நேரத்தில் தானாகச் செல்லும் பதிலை அமைத்துக்கொள்ளலாம். “இப்போது பயிற்சியில் இருக்கிறேன், 11 மணிக்குப் பிறகு பதில் தருகிறேன்” என்று எழுதி வைத்தால், விசாரிப்பவரும் கோபித்துக்கொள்வதில்லை. சிறு பிள்ளைகளோ வயதான பெற்றோரோ வீட்டில் இருப்பவர்கள் கைப்பேசியை அருகில் வைத்துக்கொண்டு, ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பில், ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து வரும் அழைப்பை மட்டும் அனுமதித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் இதன் உயிர்நாடி. செட், அதாவது ஓய்வில்லாமல் அடுத்தடுத்துச் செய்யும் சில ரெப்கள், தொடங்குமுன், இந்த செட்டில் எதைப் பார்க்கப்போகிறோம் என்று ஒன்றை மட்டும் தீர்மானியுங்கள். ஸ்குவாட்டில் முதல் செட்டுக்குப் பக்கவாட்டில் நின்றால் முதுகு வளைவதும் குதிகால் எழும்புவதும் தெரியும். இரண்டாவது செட்டுக்கு முன்னால் நின்றால் முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்வது தெரியும். ஒரே செட்டில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் கண்ணில் நிற்காது. பேசுவதும் அப்படித்தான்: “நெஞ்சை நிமிர்த்துங்க, முழங்காலை விரிங்க, மூச்சு விடுங்க” என்று அடுக்கினால், பயிற்சி செய்பவரின் கவனத்தையும் நாமே சிதறடிக்கிறோம். ஒரு செட்டுக்கு ஒரு சொல் போதும். அதுவும் உடலுறுப்பைக் குறிப்பதைவிட, “தரையைக் கீழே தள்ளுங்க” என்பதுபோல் உடலுக்கு வெளியே உள்ள ஒன்றைக் குறிப்பதாக இருந்தால் அசைவு எளிதில் சீராகிறது. கபிரியேல் வுல்ஃப் 1998 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன. ரெப்பை வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணும் வாய் வேறு பேச்சுக்குப் போகாது.

செட்டுகளுக்கு இடையிலான ஓய்வு, கைப்பேசிக்கான இடைவேளை என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கனமான எடைக்கு இரண்டு, மூன்று நிமிடங்களும், இலகுவானதற்கு ஒரு நிமிடம் அளவிலும் கிடைக்கும் அந்த நேரத்தில், தூக்கிய எடையையும் ரெப்பையும் எழுதுங்கள். ஒன்று முதல் பத்துக்குள் எவ்வளவு சிரமமாக இருந்தது என்று கேளுங்கள். அடுத்த செட்டுக்கான பிளேட்டை மாட்டுங்கள். நேரம் சரியாகப் போய்விடும்.

நடுவில் வேறொரு மெம்பர் வந்து சந்தேகம் கேட்பார். “இந்த செட் முடிஞ்சதும் வர்றேன் சார்” என்று முகம் பார்க்காமலேயே சொன்னாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் சொன்னபடி போக வேண்டும். இதற்கு ஒரே விலக்கு ஆபத்து. பக்கத்து பெஞ்சில் ஒருவர் பாருக்கு அடியில் மாட்டிக்கொண்டால், “பாரை ரேக்கில் வையுங்க” என்று நம்மிடம் இருப்பவருக்கு உரக்கச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள்.

பயிற்சித் திட்டம் எழுதுவது, கட்டணக் கணக்கு, ரீல்ஸ் தொகுப்பது ஆகியவற்றைக் காலை பேட்சுக்கும் மாலை பேட்சுக்கும் இடையிலுள்ள வெறுமையான நேரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். அங்கும் ஒன்றை முடித்துவிட்டே மற்றொன்று. பிரான்செஸ்கோ சிரில்லோ உருவாக்கிய பொமடோரோ முறைப்படி, 25 நிமிட வேலைக்குப்பின் ஐந்து நிமிட ஓய்வு என்பது தொடங்குபவருக்கு ஏற்ற அளவு.

இவற்றை ஒரே நாளில் எல்லோரிடமும் தொடங்க வேண்டாம். முதல் வாரம் காலையில் வரும் முதல் நபரிடம் மட்டும் கடைப்பிடியுங்கள். அவர் கிளம்பிய பிறகு, நோட்டைப் புரட்டாமல், அவருடைய கடைசி செட்டின் கடைசி இரண்டு ரெப் எப்படி இருந்தன என்று எழுதிப் பாருங்கள். முழங்கால் எங்கே போனது, மூச்சு எங்கே அடங்கியது என்று எழுத முடிந்தால், இரண்டாவது நபரையும் சேர்த்துக்கொள்ளலாம்.