அலைவை அணிக்குள் தேடும்போது நேரும் பிழைகள்

நேரியல் ஹாமில்டன் தொகுதிகளை, அதாவது அணிகளைக் கெழுக்களாகக் கொண்ட வகைக்கெழுச் சமன்பாட்டுத் தொகுதிகளைப் படிக்க வருபவர்கள், 1836இல் கணிதவியலாளர் ஸ்டர்ம் நிறுவிய முடிவுகளை அப்படியே கொண்டுவந்துவிடுகிறார்கள். ஒற்றை இரண்டாம் வரிசைச் சமன்பாட்டில் ஒரு தீர்வு எண்ணற்ற முறை பூச்சியமானால் (இதுவே அலைவு) மற்றவையும் அவ்வாறே ஆகும். தொகுதியில் தேட வேண்டியது, தீர்வுகளை நிரல்களாக அடுக்கிய தீர்வு அணியின் அணிக்கோவை பூச்சியமாகும் புள்ளிகளை. ஏதோ ஒரு கூறு பூச்சியமானதைக் கண்டு அலைவு என்று எழுதுவது தவறு.

ஆனால் எந்தத் தீர்வு அணி? மிகுதியாக வழுக்குமிடம் இதுதான். இரண்டாம் வகைக்கெழுவையும் சார்பையும் கூட்டினால் பூச்சியம் என்ற எளிய சமன்பாட்டை இரண்டு கூறுகளுக்கு எழுதுங்கள். சுழற்சி அணி (முதல் நிரையில் கொசைன், எதிர்க்குறியுடன் சைன்; இரண்டாம் நிரையில் சைன், கொசைன்) இதற்குத் தீர்வு. அதன் அணிக்கோவை எப்போதும் 1! அலைவே இல்லை என்று முடித்துவிடாதீர்கள். அலகு அணியைக் கொசைனால் பெருக்கினால் கிடைப்பதும் தீர்வுதான். அது முடிவின்றிப் பூச்சியமாகிறது. முரண்பாடு எதுவும் இல்லை. தீர்வின் நிரை நிரல் மாற்று அணியை அதன் வகைக்கெழுவோடு பெருக்கினால் சமச்சீர் அணி வரவேண்டும். சுழற்சி அணிக்கு வருவது எதிர் சமச்சீர் அணி. எனவே அது ஸ்டர்ம் கோட்பாட்டுக்குள் வரவே வராது. இந்தச் சோதனையைச் செய்யாமல் அணிக்கோவையைத் தொடவே கூடாது என்பேன்.

பூச்சியங்களை எண்ணும்போது மடங்கையும் (ஒரே புள்ளியில் எத்தனை முறை பூச்சியமாகிறது என்பதையும்) சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன கொசைன் அணி ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்காகப் பூச்சியமாகிறது. ஓர் இடைவெளியில் இரு தீர்வுகளின் பூச்சியங்களின் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் வேறுபடாது என்ற பழைய விதி இங்கே செல்லாது. வேறுபாடு அணியின் வரிசை வரை போகலாம்.

சார்பைப் பெருக்கும் கெழு அணியின் மூலைவிட்டக் கூடுதல் குறையெண்ணாக இருப்பதால் அலைவு இல்லை என்பதும் பிழை. மூலைவிட்டத்தில் 1, −5 இருந்தால் கூடுதல் −4. ஆயினும் முதற்கூறு சைனாக அலைய, அதனோடு அணிக்கோவையும் பூச்சியமாகிறது. மாறிலி அணியில் மிகப்பெரிய ஐகென் மதிப்பே தீர்மானிக்கிறது. கெழு காலத்தோடு மாறினால், முதலில் அணியைத் தொகையிட்டு, பிறகு அதன் மிகப்பெரிய ஐகென் மதிப்பைப் பாருங்கள். அது முடிவிலியை நோக்கினால் அலைவு உறுதி என்று 1986இல் பையர்ஸ், ஹாரிஸ், குவாங் நிறுவினர்.

இவையெல்லாம் லெஜாந்தர் நிபந்தனையை, அதாவது தொகுதியின் ஒரு கெழு அணிக்குக் குறையெண் ஐகென் மதிப்பு இல்லை என்பதை, நம்பியவை. கட்டுப்படுத்தத்தக்க தன்மை (தீர்வு ஓர் இடைவெளி முழுதும் பூச்சியத்தில் சிக்காதிருத்தல்) இல்லாவிட்டாலோ, ஒரு கூறு மாறாமல் பூச்சியமாகவே நிற்கலாம். அப்போது அணிக்கோவை எங்கும் பூச்சியம். அங்கே அணிக்கோவையை விட்டுவிட்டு, அணியின் தரம் (சார்பற்ற நிரல்களின் எண்ணிக்கை) ஒவ்வொரு புள்ளியிலும் இடப்பக்கத்தைவிட எவ்வளவு குறைகிறது என்பதை எண்ண வேண்டும்.