அலாஸ்காவின் ஏழு நாள் மீன்பிடி உரிமம்: சட்டம் மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாஸ்காவில் வணிக மீன்பிடிப் படகில் கையாளாக ஏறுகிறவருக்குக் குழுவினர் உரிமம் கட்டாயம். அதை மாநில மீன், வனவிலங்குத் துறை விற்கிறது. மாநிலச் சட்டத்தின் 16.05.480-ஆம் பிரிவு இதற்கான தொகையை நெடுங்காலமாக இப்படி வகுத்து வைத்திருக்கிறது: மாநிலவாசிக்கு ஆண்டு உரிமம் 60 டாலர், பதினொரு வயது நிரம்பாத மாநிலவாசிப் பிள்ளைக்கு 5 டாலர், ஏழு நாள் உரிமம் 30 டாலர். வெளிமாநிலத்தவர் ஆண்டு உரிமத்துக்குக் கட்டும் கூடுதல் தொகை மட்டும் துறையின் விதியில் வருகிறது. இவற்றில் எதை மாற்றச் சட்டமன்றம் கூட வேண்டும், எது அது கூடாமலே மாறும் என்று தெரியாமல் பணம் கட்டுவதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன.

மசோதா வந்ததுமே சட்டம் மாறிவிட்டதாக நினைப்பது

கட்டணத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு மசோதா அறிமுகமானதும் "இந்த சீசனிலிருந்து புதுக் கட்டணம்" என்று துறைமுகத்தில் பேச்சு பரவிவிடும். அந்த மசோதா 40 பேர் கொண்ட கீழவையிலும் 20 பேர் கொண்ட மேலவையிலும் ஒரே வாசகத்தில் நிறைவேற வேண்டும். பிறகு ஆளுநரிடம் போகும். அவர் கையெழுத்திடலாம், மறுக்கலாம், கையெழுத்திடாமல் விட்டு அது தானாகச் சட்டமாகவும் விடலாம். அலாஸ்காவில் ஒரு சட்டமன்றத்தின் ஆயுள் இரண்டு ஆண்டுகள். முதலாம் ஆண்டில் முடியாத மசோதா இரண்டாம் ஆண்டுக்குத் தொடரும். அதற்குள்ளும் முடியாவிட்டால் செத்துப்போகும், அடுத்த சட்டமன்றத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சட்டமான பிறகும் அவசரப்பட வேண்டாம். அமலுக்கு வரும் தேதியை மசோதாவே சொல்லாவிட்டால், மாநில அரசமைப்பின்படி அது சட்டமான நாளிலிருந்து 90 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். வேறு தேதி வைக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் ஒப்புக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் கூட்டத்தொடர் முடிந்து ஜூலை 10 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 நாள் எண்ணினால் அக்டோபர் வந்துவிடும். பிரிஸ்டல் விரிகுடாவில் சாக்கை என்ற வகை சால்மன் மீன் கூட்டமாக ஆற்றுக்குத் திரும்பும் ஓட்டம் ஜூன், ஜூலையோடு அடங்கிவிடுவதால் அந்த ஆண்டின் சால்மன் வேலைக்குப் பழைய சட்டமே பொருந்தும். எனவே மசோதாவின் கடைசிப் பக்கத்தில் அமல் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் புதிய சட்டமாக வாசிப்பது

அலாஸ்கா மசோதாக்களில் புதிதாகச் சேர்க்கும் சொற்கள் தடித்த எழுத்தில் அடிக்கோட்டோடு வரும். நீக்கும் சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் பெரிய எழுத்தில் வரும். பெரிய எழுத்து கண்ணில் அறைவதால், அதைத்தான் முக்கியமான புதுச் செய்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வரியில் தொகை இரண்டு இருந்தால் அடைப்புக்குள் இருப்பது போகப்போகிற பழைய தொகை, அடிக்கோட்டோடு இருப்பது வரப்போகிற தொகை.

சில சமயம் ஒரு சலுகை மசோதாவின் உடலில் எங்குமே பேசப்படாமல், கடைசியில் "இன்ன உட்பிரிவு நீக்கப்படுகிறது" என்ற ஒற்றை வரியில் காணாமல் போகும். பிரிவு எண்ணை எடுத்து நடப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டால்தான் என்ன போகிறது என்று தெரியும்.

குழுக்களில் மசோதா திருத்தப்படும்போது பழைய வடிவத்துக்குப் பதில் மாற்று வடிவம் வரும். அறிமுக நாளில் சேமித்து வைத்த கோப்பை வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துப் பேசுவதில் அர்த்தமில்லை. மசோதாவோடு இணைத்திருக்கும் நிதிக் குறிப்பும், கொண்டுவந்த உறுப்பினரின் விளக்கக் கடிதமும் சட்டம் ஆகாது. அவற்றில் சொன்ன தொகை இறுதி வாசகத்தில் இல்லாமலே போகலாம்.

வெளிமாநிலத்தவர் கட்டணம் நிலையானது என்று நம்புவது

வெளிமாநிலத்தவரின் ஆண்டு உரிமக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் 200 டாலரைத் தாண்டியே இருந்திருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்கிறது. இதன் வேர் ஒரு நீண்ட வழக்கில் இருக்கிறது. வெளிமாநில மீனவர்களிடம் மும்மடங்கு வசூலித்ததை எதிர்த்து 1984-இல் கார்ல்சன் வழக்கு தொடங்கியது. பிற மாநிலத்துக் குடிமக்களைப் பாகுபடுத்தக் கூடாது என்ற அமெரிக்க அரசமைப்பின் விதிக்கும், மீன்வளத்தைக் காக்க மாநிலவாசிகளின் பணம் செலவாகிறது என்ற வாதத்துக்கும் நடுவே அது பல்லாண்டு இழுத்தது. அரசு வெளிமாநிலத்தவருக்குப் பணம் திருப்பித் தரவும் நேர்ந்தது. அதன் விளைவாகத்தான் இன்று கூடுதல் தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு விதிக்க முடிவதில்லை, சட்டம் அனுமதிக்கும் உச்சத்தை ஒட்டிக் கணக்கிட்டு விதியில் அறிவிக்கிறார்கள்.

ஆகவே போன ஆண்டு ரசீதைப் பார்த்து இந்த ஆண்டுக்குப் பணம் ஒதுக்காதீர்கள். மசோதா எதுவும் வரவில்லையே என்றும் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

ஏழு நாளை வேலை நாளாக எண்ணுவது

அதிகம் பேர் பணம் இழப்பது இதில்தான். ஏழு நாள் என்பது தொடர்ச்சியான ஏழு நாள். படகு கரையில் கிடந்தாலும், புயல் அடித்தாலும், மீன்பிடிப்பு மூடியிருந்தாலும் நாள் ஓடிக்கொண்டே இருக்கும். சால்மன் பருவத்தில் எந்தப் பகுதி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறக்கும் என்பதைத் துறையின் பகுதி மேலாளர் அவசர ஆணையால் அறிவிக்கிறார். ஆற்றுக்குள் ஏறிப்போகும் மீனின் எண்ணிக்கை இலக்கை எட்டாவிட்டால் திறப்பு தள்ளிப்போகும்.

விமானம் ஏறும் நாளையே உரிமத்தின் தொடக்க நாளாகப் போடுகிறவர்கள் நிறைய. கிங் சால்மன் ஊரில் இறங்கி, படகுகள் நிற்கும் நாக்னெக் ஊருக்குப் போய், படகைத் தண்ணீரில் இறக்கி, வலையை ஏற்றி முடிப்பதற்குள் மூன்று நாள் போய்விடும். அதன்பின் இரண்டு நாள் மூடல் என்றால் 30 டாலரில் கையில் மிஞ்சுவது இரண்டு நாள். கேப்டனிடம் கேட்க வேண்டிய கேள்வி "எப்போது வரட்டும்" அல்ல, "முதல் வலை எந்த நாள் தண்ணீருக்குள் போகும்" என்பதே. அந்த நாளை ஒட்டியே தொடக்க நாளை வையுங்கள். ஆனால் தொடக்க நாளுக்கு முன், உரிமம் கையில் இல்லாமல், படகை இறக்குவது, வலையை ஏற்றுவது உட்படப் படகு வேலை எதையும் தொடங்காதீர்கள்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாநிலவாசி ஒருவர் 30 டாலர் உரிமத்தோடு போகிறார். மீன் நன்றாக விழுகிறது, "இன்னும் நாலு நாள் இரு" என்கிறார் கேப்டன். இப்போது அவர் 60 டாலர் ஆண்டு உரிமம் வாங்குகிறார். மொத்தம் 90. முதலிலேயே ஆண்டு உரிமம் வாங்கியிருந்தால் 60-இலேயே டிசம்பர் 31 வரை எந்த மீன்பிடிப்பிலும் வேலை செய்திருக்கலாம். எட்டாவது நாள் வரும் வாய்ப்பு சிறிதளவு இருந்தாலும் மாநிலவாசிக்கு ஆண்டு உரிமமே மலிவு. பத்து வயதுப் பிள்ளைக்கு 30 டாலர் உரிமம் எடுப்பது இன்னும் வீண். 5 டாலரில் ஆண்டு முழுவதற்கும் கிடைக்கிறது.

குறுகிய உரிமம் உண்மையில் பயன்படுவது, ஒரு சுற்றோடு திரும்பிவிடப் போகும் வெளிமாநிலத்தவருக்கும், நடுவில் கையாள் ஒருவர் விலகியதால் சில நாள் நிரப்ப வருகிறவருக்கும்தான். ஆண்டுக் கட்டணத்துக்கும் ஏழு நாள் கட்டணத்துக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் இடமும் அதுவே. இந்த உரிமத்தை மாற்ற வரும் மசோதா எதைப் படித்தாலும் அந்த இடைவெளி கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். உங்கள் தேர்வை முடிவு செய்யப்போவது அதுதான்.

"நான் சமையல் மட்டும்தான்" என்று ஏறுவது

மீன்பிடிப்பில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கெடுத்துப் படகில் இருக்கும் ஒவ்வொருவரையும் சட்டம் வணிக மீனவர் என்கிறது. பங்குக்கு, அதாவது மீன் விற்ற பணத்தில் ஒரு பகுதிக்கு வந்தாலும் சம்பளத்துக்கு வந்தாலும் வேறுபாடு இல்லை. சமையற்காரர், எஞ்சின் பார்க்கிறவர், காசு வாங்காமல் உதவிக்கு வந்த மச்சான் எல்லாரும் இதில் அடங்குவார்கள். கரையிலிருந்து வலை போடும் இடங்களில் மணலில் நின்று மீனைக் கழற்றிக் கொடுக்கிற பிள்ளைக்கும் உரிமம் வேண்டும். வனவிலங்குக் காவலர் தன் படகை உங்கள் படகோடு ஒட்டி நிறுத்திவிட்டு முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். மீன் எண்ணெயும் உப்புநீரும் பட்டு எழுத்து அழியாதபடி, கையெழுத்திட்ட உரிமத்தையும் புகைப்பட அடையாள அட்டையையும் ஜிப் பையில் போட்டு, கையெட்டும் இடத்தில் வைத்திருங்கள். பையோடு கரையில் கிடக்கும் உரிமம் உதவாது.

உரிமம் இல்லாதவரை வேலைக்கு வைப்பதும் குற்றம் என்பதால் கேப்டனும் மாட்டுவார். ஒருவர் பெயரில் எடுத்த உரிமத்தை இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. திங்கட்கிழமை ஓடிப்போன கையாளின் மிச்ச நாட்களைச் செவ்வாய்க்கிழமை வந்தவர் பயன்படுத்தக் கூடாது.

நேர்மாறான தவறும் உண்டு. நுழைவு அனுமதி அட்டை, அதாவது ஒரு மீன்பிடிப்பில் வலையை இயக்க மாநிலம் தரும் அனுமதி வைத்திருப்பவர் எந்த மீன்பிடிப்பிலும் கையாளாக வேலை செய்யலாம், தனியாகக் குழுவினர் உரிமம் வேண்டியதில்லை. ஆனால் வலையை இயக்கும் உரிமை அனுமதிக்காரருக்கே உரியது. அவரைக் கரையில் விட்டுவிட்டுக் குழுவினர் உரிமத்தோடு கையாட்கள் மட்டும் வலை போடப் போகக் கூடாது.

மாநிலவாசி என்று அவசரத்தில் குறி போடுவது

வாடகை ஒப்பந்தமோ அலாஸ்கா ஓட்டுநர் உரிமமோ இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதமும் தொடர்ந்து அலாஸ்காவை நிரந்தர வீடாகக் கொண்டிருக்க வேண்டும், காலவரையின்றி அங்கேயே வாழும் எண்ணம் வேண்டும், வேறு எங்கும் குடிவாசிக்கான சலுகை கேட்டிருக்கக் கூடாது. வேறொரு மாநிலத்தில் குடிவாசிக் கட்டணத்தில் கல்லூரிக்குப் போகிறவர் இதில் சிக்கிக்கொள்வார். பொய்த் தகவல் தருவது குற்ற வழக்காகும்.

வெளிநாட்டுக் குடிமக்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீன்பிடி உரிமம் வேலை அனுமதி ஆகாது. மாணவர் விசாவில் இருப்பவர் உரிமத்தை வாங்கிவிட்டதாலேயே கூலி வாங்கும் தகுதி பெறுவதில்லை. விசா பறிபோனால் அந்த நஷ்டத்தை எந்தப் பங்காலும் ஈடுகட்ட முடியாது.

காயம் பட்ட பிறகு உரிமம் வாங்குவது

உரிமக் கட்டணத்தின் ஒரு பகுதி, அலாஸ்காவில் 1951 முதல் இயங்கும் மீனவர் நிதிக்குப் போகிறது. மீன்பிடி வேலையில் காயமோ நோயோ வந்தால், மற்ற காப்பீடுகளெல்லாம் கொடுத்தது போக எஞ்சிய மருத்துவச் செலவுக்கு இந்த நிதி கைகொடுக்கும். காயம் பட்ட நேரத்துக்கு முன்பே உரிமம் செல்லுபடியாக இருந்திருக்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. ஏழாம் நாள் இரவு காலாவதியான உரிமத்தோடு எட்டாம் நாள் காலை கயிறு இழுக்கும் வின்சு பொறியில் விரல் சிக்கினால், அபராதத்துக்கு மேல் மருத்துவமனைச் செலவும் தலையில் விழும். 30 டாலர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். சிகிச்சைக்கும் விண்ணப்பத்துக்கும் காலக்கெடு உண்டு. ஆகவே அடிபட்ட அன்றே தேதி, நேரம், படகின் பெயர் எழுதிக் கேப்டனிடம் கையெழுத்து வாங்குங்கள்.

காலாவதியான உரிமத்தையும் எறிந்துவிடாதீர்கள். பின்னாளில் ஹாலிபட் ஒதுக்கீட்டுப் பங்கு, அதாவது ஹாலிபட் என்ற தட்டை மீனில் இத்தனை அளவு பிடிக்கலாம் என்ற உரிமை வாங்க நினைப்பவர், வணிகப் படகில் 150 நாள் மீன்பிடி வேலை செய்ததைக் காட்ட வேண்டியிருக்கும். பழைய உரிமங்கள், பங்குக் கணக்குச் சீட்டுகள், ஒப்பந்தம் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். 20 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள படகில் பயணம் புறப்படுமுன் எழுத்து ஒப்பந்தம் போடுவது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம். பிரிஸ்டல் விரிகுடாவின் 32 அடிப் படகுகளில் பல இந்த அளவுக்குள் வராது. அங்கேயும் பங்கு எத்தனை சதவீதம், சாப்பாடும் எரிபொருளும் யார் கணக்கில், உரிமக் கட்டணத்தை யார் கட்டுவது என்று எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.