குறி தப்பாமலிருக்க ட்ராக்பேடை அமைத்துக்கொள்ளும் முறை

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ பிரவுசிங் சென்டரில் அமர்ந்து, சுடும் கணினி விளையாட்டுகளில் மவுஸைப் பிடித்துச் சுட்டுப் பழகியவர்களுக்கு, கேம்பேடின் (இரு கைகளாலும் பிடித்து விளையாடும் கருவியின்) ஸ்டிக்கைச் சாய்த்துக் குறிபார்ப்பது எளிதில் கைவருவதில்லை. கேமரா, அதாவது திரையில் நாம் காணும் பார்வை, எந்த வேகத்தில் திரும்ப வேண்டும் என்பதை ஸ்டிக் தீர்மானிக்கிறது. எவ்வளவு தூரம் திரும்ப வேண்டும் என்பதை மவுஸ் தீர்மானிக்கிறது. ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளத்திற்காக 2015இல் வெளிவந்த ஸ்டீம் கன்ட்ரோலர் என்ற கேம்பேடிலும், 2022இல் வெளிவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினியிலும் உள்ள ட்ராக்பேடை (விரலால் தேய்க்கும் தொடுபரப்பை) மவுஸின் வகையிலேயே இயங்கச் செய்யலாம். ஆனால் அமைப்புகளை வரிசை மாற்றித் தொட்டால், எதனால் குறி தப்புகிறது என்பதே புரியாமல் போகும்.

முதலில் விளையாட்டுக்குள் சென்று, மவுஸுக்குரிய ஆக்சிலரேஷன் (வேகமாக நகர்த்தினால் கூடுதலாகத் திருப்புவது), ஸ்மூத்திங் (அசைவின் நடுக்கத்தைச் சமன்செய்வது) இரண்டையும் அணைத்துவிட வேண்டும். பிறகு ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பில் வலது ட்ராக்பேடை மவுஸாக இயங்கும்படி மாற்றி, அங்கும் ஆக்சிலரேஷனை அணைக்க வேண்டும். விரல் நகரும் தூரத்திற்கும் கேமரா திரும்பும் கோணத்திற்கும் மாறாத விகிதம் இருந்தால்தான் கட்டைவிரல் அதைக் கற்றுக்கொள்ளும்.

அடுத்தது சென்சிட்டிவிட்டி, அதாவது விரல் நகர்வுக்குக் கேமரா எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அளவு. இதில் கண்மூடித்தனமாக எண்ணை ஏற்றி இறக்குவதைவிட ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஸ்டீம் டெக்கின் ட்ராக்பேட் 32.5 மி.மீ. பக்கமுள்ள சதுரம். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தேய்த்தால் கேமரா முழுவட்டமாக, அதாவது 360 பாகை திரும்பும்படி வைத்திருந்தால், ஒரு மி.மீ. நகர்வுக்கே ஏறத்தாழ 11 பாகை திரும்பிவிடும். தொலைவில் நிற்கும் எதிரியின் தலையை அந்த நிலையில் பிடிக்கவே முடியாது. 130 பாகை திரும்பும்படி குறைத்தால் மி.மீட்டருக்கு 4 பாகைதான் வரும். விளையாட்டில் ஒரு தூணின் விளிம்பைக் குறிவைத்து நின்றுகொண்டு, முனைக்கு முனை ஒருமுறை தேய்த்து, கேமரா எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து இந்த அளவுக்குக் கொண்டுவரலாம். பின்னால் வருபவனைச் சுட எப்படித் திரும்புவது என்ற கேள்வி எழும். அதற்குத்தான் ட்ராக்பால் முறை இருக்கிறது.

அந்த முறையை இயக்கினால், விரலைச் சுண்டி எடுத்த பிறகும் கேமரா சிறிது தூரம் தானாகச் சுழன்று நிற்கும். மறுபடி விரல் வைத்த கணத்தில் சுழற்சி நின்றுவிடும். எவ்வளவு தூரம் சுழலும் என்பதை ஃப்ரிக்‌ஷன் என்ற அமைப்பு கட்டுப்படுத்துகிறது. கேரம் பலகையில் பவுடர் குறைந்தால் ஸ்ட்ரைக்கர் சீக்கிரம் நின்றுவிடுவதுபோல், ஃப்ரிக்‌ஷனைக் கூட்டினால் சுழற்சி விரைவில் அடங்கும். நடுத்தர அளவில் தொடங்கி, ஒரே சுண்டலில் ஏறக்குறைய பின்பக்கம் பார்க்கும் நிலை வரும்வரை மாற்றிக்கொள்ளலாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது ரொட்டேஷன், அதாவது ட்ராக்பேடின் அசைவுத் திசையைச் சற்றே சாய்த்துவைக்கும் அமைப்பு. வலக் கட்டைவிரல் தன் அடிமூட்டைச் சுற்றியே அசைவதால், நேராகத் தேய்க்கிறோம் என்று நாம் நினைத்தாலும் உண்மையில் அது ஒரு வில்லைப்போல வளைந்துதான் போகிறது; அதனால் குறி மெல்ல மேலேறுகிறது அல்லது கீழிறங்குகிறது. விளையாட்டில் ஒரு மதிற்சுவரின் மேல்விளிம்பில் குறியை வைத்து, ட்ராக்பேடைப் பார்க்காமல் இடவலமாகத் தேய்த்துப் பாருங்கள். விளிம்பைவிட்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ அதற்கு எதிர்த்திசையில் ரொட்டேஷனைச் சில பாகை திருப்பினால் போதும். என் கருத்தில், சென்சிட்டிவிட்டியை நாள்முழுதும் திருகுவதைவிட இந்த ஒரு திருத்தம் அதிகப் பயன் தரும். ஸ்டீமின் அமைப்பிலுள்ள ஸ்மூத்திங்கைக் குறைவாகவே வையுங்கள். கூட்டினால் நடுக்கம் மறையும், ஆனால் கேமரா விரலுக்குப் பின்தங்கும்.

மிக நுண்ணிய திருத்தத்திற்கு ட்ராக்பேடை மட்டும் நம்பாமல், ஜைரோவையும் (கருவியைக் கையால் சாய்ப்பதை உணரும் உணரியையும்) சேர்த்துக்கொள்வதே சிறந்தது. வலது ட்ராக்பேடில் விரல் படும்போது மட்டும் ஜைரோ இயங்கும்படி அமைத்தால், பெரிய திருப்பத்தை விரலும் கடைசி ஓரிரு பாகையை மணிக்கட்டும் பார்த்துக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 4 கேம்பேடின் டச்பேட் நடுவில் இருப்பதால், அதில் விரல் வைத்துத் தொடர்ந்து குறிபார்ப்பது வசதிப்படாது. அதை வைத்திருப்பவர்கள் ஸ்டிக்கோடு ஜைரோவைச் சேர்ப்பதே மேல்.

சில விளையாட்டுகள் கேம்பேடையும் மவுஸையும் ஒரே நேரத்தில் ஏற்பதில்லை. திரையில் பொத்தான் படங்கள் மாறி மாறி மின்னி, கேமரா தடுக்கித் தடுக்கி நகர்ந்தால் காரணம் அதுதான். ட்ராக்பேடின் அசைவை ஸ்டிக்கின் அசைவாக மாற்றி அனுப்பும் மவுஸ் ஜாய்ஸ்டிக் என்ற தேர்வு இதைத் தவிர்க்கும். ஆனால் ஸ்டிக்குக்குரிய வேக வரம்பும் கூடவே வந்துவிடும். எல்லாப் பொத்தான்களையும் கீபோர்டு விசைகளாக மாற்றிவிடுவது சற்று நேரம் பிடித்தாலும் நல்ல தீர்வு.

நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் விரல் வியர்த்தால், எந்த அமைப்பும் கைகொடுக்காது. ஈரவிரல் ட்ராக்பேடில் ஒட்டி ஒட்டி நகர்வதால் குறி தாவும். அமைப்பைச் சந்தேகிப்பதற்கு முன், விரலையும் ட்ராக்பேடையும் உலர்ந்த பருத்தித் துண்டால் துடைத்துவிட்டுப் பாருங்கள். முகப்பவுடர் போடலாமே என்று தோன்றும். அது பொத்தான் இடுக்குகளில் இறங்கி அடைத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியானதும் அமைப்பை டெம்ப்ளேட்டாக (மற்ற விளையாட்டுகளிலும் பயன்படுத்தத்தக்க மாதிரியாக) சேமித்துக்கொள்ளுங்கள். வேறொரு விளையாட்டுக்கு அதைக் கொண்டுபோகும்போது ரொட்டேஷன் அப்படியே பொருந்தும்; சென்சிட்டிவிட்டிக்கு மட்டும் மீண்டும் ஒரு தூணைத் தேடிப் பிடித்து அளந்தாக வேண்டும்.